பத்துக்குப் பத்து எடுத்தவன் நான்

அனுப்புநர்:
லோசான் திரெந்தாஃபிலோவ் (வயது 74),
ஓய்வுபெற்ற நாடக அரங்க ஊழியர்,
எண் 9, மூன்றாம் மாடி, லிண்டன் தெரு,
ரூசே நகரம், பல்கேரியா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருந்து ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழு,
சோஃபியா.

பொருள்: அல்சைமர் மறதிநோய் மருந்து ஆய்வு – நினைவுச் சோதனையில் பொய் மதிப்பெண் பதிந்ததாக உளவியலாளர் கலினா வர்பனோவா அவர்கள் மீது விசாரணை – குற்றம் என்னுடையது எனத் தெரிவித்தல் – அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: அவரைப் பணியிலிருந்து நிறுத்தி, மார்ச் 2ஆம் தேதி ஆய்வு மையக் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனு என்றால் யார் மீதாவது புகார் இருக்க வேண்டும். இம்மனுவில் புகார் செய்பவனும் நானே, புகாருக்கு உள்ளானவனும் நானே. தயைகூர்ந்து கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

1. என் மனைவி நெவியானா (வயது 71) இந்நகரில் இருபத்தாறு ஆண்டுகள் மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் ஓட்டியவர். ஊரின் ஒவ்வொரு திருப்பமும் அவருக்கு அத்துப்படி. மூன்று ஆண்டுகளுக்கு முன் சந்தைக்குப் போனவர், தாம் ஓட்டிய தடத்தின் நிறுத்தம் ஒன்றிலேயே மிளகாய்ப் பையோடு இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நான் அதை வயதுக் கோளாறு என்று ஒதுக்கினேன். ஒதுக்காமல் உட்காரவைத்து, பொறுமையாகச் சோதித்து, நோய் தொடக்க நிலையில் இருப்பதைக் கண்டுபிடித்தவர் கலினா அவர்கள். மருந்து ஆய்வில் சேர வழி சொன்னவரும் அவரே.

2. அவர் செய்த உதவியை எழுத இந்தத் தாள் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் மனைவி அடிக்கடி தம் தாயாரைத் தேடுவார். தாயார் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. நான் உண்மையைச் சொல்வேன். அவரோ அன்றுதான் சாவுச் செய்தி வந்ததுபோல் கதறுவார். ஒரே சாவுக்கு என் மனைவியை நூறு முறை அழவைத்த பாவி நான். நோயாளிகளின் வீட்டாருக்காக வியாழக்கிழமைதோறும் நடக்கும் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கலினா அவர்கள், "ஐயா, நீங்க திருத்தாதீங்க. அம்மா என்ன சமைப்பாங்கன்னு கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன். குடைமிளகாய்க்குள் அரிசி திணித்து வேகவைக்கும் கதையை என் மனைவி அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் அழுகை இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்களுக்கு நிம்மதியான ஒரு சாப்பாட்டு வேளையைக் கொடுத்தவரை நான் எப்படி மறப்பேன்?

3. இனி என் குற்றம். ஆய்வில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவுச் சோதனை. பத்துச் சொற்களை வாசித்துக் காட்டி, சற்று நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு, அவற்றைத் திரும்பச் சொல்லக் கேட்பார்கள். முதல் இரு முறை நான் நடையில் காத்திருந்தேன். என் மனைவி ஒருமுறை ஐந்தும் அடுத்த முறை நான்கும் சொன்னார். அப்போது பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர், "மார்க் கொறஞ்சா மருந்த நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, தெரியுமில்ல?" என்று காதைக் கடித்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரையாவது கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

4. மூன்றாம் சோதனையன்று கதவு சாத்திய அறை என் மனைவிக்குப் பயத்தைக் கொடுத்தது. எழுந்து எழுந்து என்னைத் தேடினார். கலினா அவர்கள் இரக்கப்பட்டு, தம் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். "ஐயா, ஒரு சத்தம் வரக் கூடாது" என்று எச்சரித்தார். சத்தம் வரவில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

5. ஐயா, நான் நகர நாடக அரங்கில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வசனம் எடுத்துக் கொடுப்பவனாக வேலை பார்த்தேன். மேடையின் முன்விளிம்புப் பெட்டிக்குள் குனிந்து உட்கார்ந்து, நடிகர் தடுமாறும் நொடியில் அடுத்த சொல்லை உதட்டசைவாலேயே கொடுப்பதுதான் என் பிழைப்பு. முதல் வரிசையில் இருப்பவருக்குக் கூடக் கேட்காது. ஒருவர் சொல் கிடைக்காமல் வாய் திறந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. அன்று அப்படி நின்றவர் என் மனைவி. என் உதடு தானாக அசைந்தது. அவர் அதைப் பார்த்துச் சொன்னார். பத்துக்குப் பத்து.

6. பழக்க தோஷம் என்று தாங்கள் மன்னித்துவிட முடியாதபடி நான் இன்னொன்றும் செய்தேன். அந்தச் சொற்களை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிவைத்து, மூன்று மாதம் காலைக் காப்பியோடு அவருக்குப் பாடம் நடத்தினேன். "ஏன்யா கெழவா, பொழுது விடிஞ்சா இதே பாட்டா? நான் என்ன உன் நாடகக்காரியா?" என்று ஏசினார். சொற்கள் ஒன்றும் அவர் மனதில் தங்கவில்லை. அடுத்த சோதனையிலும் எனக்கு அதே நாற்காலி கிடைத்தது; ஆனால் வேறு பட்டியல் வந்தது. மறுபடியும் உதடுதான் கைகொடுத்தது. மறுபடியும் பத்து. அச்சொற்களை இம்மனுவில் எழுதாமல் தவிர்த்திருக்கிறேன். என்னைப் போல் இன்னொரு கணவன் மனப்பாடம் செய்துவிடக் கூடாது.

7. அன்று சோதனை முடிந்து நாங்கள் வெளியே வந்ததும் கலினா அவர்கள் நடைக்கு ஓடிவந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "மருந்து கேக்குது போல இருக்கு ஐயா!" என்றார். பதினோரு ஆண்டுகளாக இந்த நோயோடு மல்லுக்கட்டுபவர் அவர். அந்தச் சந்தோஷத்தை நான் திருட்டுத்தனமாக அவர் கையில் வைத்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கப்படுகிறேன்.

8. ஐந்து, நான்கு, பத்து, பத்து என்ற கணக்கு மேலிடத்தில் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. அது நியாயமே. நாற்காலி போட்டதை கலினா அவர்கள் மறைக்கவில்லை. "கேட்டதைத்தான் எழுதினேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் எண்களை இட்டுக்கட்டியதாக முடிவுகட்டி வெளியே நிறுத்திவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மார்ச் முதல் தேதி எங்கள் நாட்டு வழக்கப்படி என் மனைவி கலினா அவர்களின் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டி, ஆண்டு முழுக்க நலமாயிருக்க வாழ்த்தினார். மறுநாள் அறிவிப்பு.

9. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லிவிட்டு, "ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாமே ஐயா. மார்க் கொறையுதுன்னு யாரையும் நாங்க அனுப்பறதில்ல. கொறையறது எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, தெளிவாகவே பேசினார்: "எனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு எழுதட்டுமே! அதுக்குத்தானே போறேன். நமக்கு ஆகலைன்னாலும் பின்னால வர்றவளுக்கு ஆகட்டும்." எங்கள் இருவரில் ஆய்வைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

10. ஆகவே நான் வேண்டுவது: கலினா வர்பனோவா அவர்கள் மீதான விசாரணையைக் கைவிட்டு அவரை உடனே பணியில் அமர்த்த வேண்டும். அவர் இரக்கப்பட்டது பிழையென்றால், அதன் தண்டனையும் இரக்கத்தைச் சுரண்டிய எனக்கே வர வேண்டும். சான்றாக என் நோட்டை இணைத்துள்ளேன். ஐயம் இருந்தால் சோஃபியாவுக்கு வந்து, தங்கள் குழுவினர் யாரையேனும் எதிரே உட்காரவைத்து, ஒலியே இல்லாமல் பத்துச் சொற்கள் எடுத்துக் கொடுத்துக் காட்டத் தயார்.

11. நேற்று வேறொரு அலுவலர் என் மனைவியைச் சோதித்தார். நான் கட்டடத்துக்கே வெளியே, சாலையின் எதிர்ப்புறம் நின்றேன். இரண்டு சொற்கள் சொன்னாராம். ஐயா, அந்தப் பத்தையும் அடுத்த பத்தையும் தயைகூர்ந்து அடித்துவிடுங்கள். இந்த இரண்டை மட்டும் யாரும் திருத்தாமல் பதிந்துகொள்ளுங்கள். அவை யாரும் எடுத்துக் கொடுக்காமல் நெவியானா தாமே தேடி எடுத்தவை.

நாள்: 14 மார்ச் 2024
இடம்: ரூசே

நன்றிக்கடன் பட்டவனும் குற்றத்துக்குப் பொறுப்பானவனும் ஆகிய,
(ஒப்பம்)
லோசான் திரெந்தாஃபிலோவ்