பரீட்சை வாரத்தில் ஒரு திகதி

கல்முனைக்குடி

அன்புள்ள உங்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தோஹாவிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் "கணக்கு எப்படிப் போகுது?" என்று கேட்கிறீர்கள். நானும் "ஓம், போகுது" என்று வைத்துவிடுகிறேன். போனில் சொல்ல வாய் வராததை இதில் எழுதுகிறேன்.

நிகழ்தகவில்தான் தடுமாறுகிறேன். பைக்குள் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று வெள்ளைப் பந்து. இரண்டை எடுத்தால் இரண்டும் வெள்ளையாக இருக்க நிகழ்தகவு என்ன? நேற்று இந்த ஒரே கணக்குக்கு மூன்று விடை வந்தது. மனம் பந்துகளில் இல்லை.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனேன். மருத்துவமாது மீனாம்பிகை மிஸ் குறித்துத் தந்த திகதி உயர்தரப் பரீட்சை வாரத்தில் விழுகிறது. நீங்கள் வாப்பாவாகப் போகிறீர்கள்.

"இந்த முறை உடு புள்ள, பொறகு எழுதலாம்" என்கிறார் உம்மா. மூன்று தடவைதான் எழுதலாம், இது மூன்றாவது என்று எத்தனை தரம் சொல்வது? மிஸ்ஸோ, "குழந்தை முந்தியும் வரும், பிந்தியும் வரும். நீங்க படிங்க" என்றார். எஞ்சினியராகும் ஆசையை விடவும் முடியவில்லை, இந்தச் செய்திக்கு முழுதாகச் சந்தோசப்படவும் முடியவில்லை.

இன்று காலை பரீட்சை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உங்களிடம் கேட்காமல் நான் செய்த முதல் காரியம். பயமாகவும் இருக்கிறது, ஆறுதலாகவும் இருக்கிறது. எது கூடுதல் என்று எனக்கே விளங்கவில்லை.

துஆவுடன்,
உங்கள் வீட்டுக்காரி