மேனேஜர் கையெழுத்திட்ட வலைப்பக்கம்

மார்ச் 2, திங்கள்
கண் கிளினிக்கைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது. "சனிக்கிழமை உண்டுன்னு வெப்சைட்ல போட்டிருக்கீங்களே, எங்களைப் பார்த்தா எப்படி இருக்கு?" புரை முற்றிய அப்பாவை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிவந்த மகள். சனிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை விடுமுறையாகி மாதக்கணக்காகிறது. வெப்சைட்டை மாற்ற வேண்டியவர் மேனேஜரின் மச்சான். கேட்டால் "பார்க்கலாம்." திட்டு வாங்குவது வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் நான். எவனோ செய்த தப்புக்கு நான் ஏன் தலை குனிய வேண்டும்?

மார்ச் 5, வியாழன்
கிளினிக்கை நடத்தும் டாக்டரம்மா புது வெப்சைட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். இனி நாமே எழுதி நாமே மாற்றலாமாம். கடிதம் அடிக்கத் தெரிந்தால் போதும். இந்த மென்பொருள் திறந்த மூலம் என்றாள். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்தும் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

மேனேஜர் முகம் சுருங்கியது. "அப்போ கதவே இல்லாத வீடா?"

"வீட்டோட வரைபடம்தான் சார் எல்லாருக்கும் பொது. உங்க வீட்டுச் சாவி உங்ககிட்டதான்."

சாவி என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எழுதலாம், அவர் ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே தெரியும் என்று வைக்கச் சொல்லிவிட்டார்.

மார்ச் 6
சனிக்கிழமை விடுமுறை என்று எழுதி அனுப்பினேன். 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.'

மார்ச் 10, செவ்வாய்
இன்னும் காத்திருக்கிறது. போய்க் கேட்டேன். "ஒரு பிரிண்ட் அவுட் எடுத்துட்டு வாம்மா." கொடுத்தேன். படிக்காமலே சிவப்பு மையில் ஒரு காற்புள்ளி சேர்த்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், கோப்பில் வைத்து அலமாரியை மூடினார். "வெளியிட்டாச்சு."

வெளியிட்டாச்சாம்! எங்கே? அலமாரிக்குள்ளா?

பட்டனை அழுத்தணும் சார் என்றேன். "எனக்கே பாடமா? நான் கையெழுத்துப் போட்டா போட்டதுதான்."

வீட்டுக்காரரிடம் சொன்னால், "உனக்கெதுக்கு ஊர் வம்பு?" ஊர் வம்பா? தினமும் ஏச்சு வாங்குறது யாரு?

மார்ச் 14, சனி
கண்ணில் ஏதோ விழுந்த குழந்தையோடு ஒரு அம்மா, பூட்டிய வாசலில் நின்று போன் செய்தாள். போர்டில் இருப்பது என் எண். குழந்தை அழுவது கேட்டது. வேறு ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன்.

போனை வைத்ததும் வீட்டுக் கணினியில் வெப்சைட்டைத் திறந்து எழுதினேன்: 'சனிக்கிழமை வராதீர்கள். இதை உங்களுக்குச் சொல்லாமல் மேனேஜர் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவருக்குச் சாவி எதற்கு?'

அனுப்பியும் விட்டேன். யார் படிக்கப் போகிறார்கள்? அதுவும் போய் வரிசையில் கிடக்கட்டும்.

மார்ச் 17, செவ்வாய்
தெய்வமே. பயிற்சிப் பெண் போனில் மேனேஜருக்குப் பட்டனைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். காத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அழுத்து. ஒரு வரி படிக்கவில்லை. என்னுடையது முகப்பிலேயே நிற்கிறது. வேலை போச்சு என்றே நினைக்கிறேன். போனால் போகட்டும் — எழுதியது பொய்யா?

மார்ச் 18
டாக்டரம்மா அறை. மேனேஜரும் இருந்தார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமாம் மேடம்."

"யாரு வெளியிட்டது?"

மேனேஜர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதின தோரணை சரியில்லை," என்றார் டாக்டரம்மா என்னிடம். "முதல் வரியை மட்டும் வெச்சுட்டு மத்ததை எடுத்துடு. இனிமே யார் எழுதினாலும் நீயே படிச்சுப் பார்த்து வெளியிடு."

ஏப்ரல் 8, புதன்
இன்று வரிசையில் ஒன்று: கண் பரிசோதனை முகாம், எழுதியவர் மேனேஜர். ஒரு வாரம் ஊறப்போடலாமா என்று மனசு குறுகுறுத்தது. கடைசி வரி வரை படித்தேன். நேரம் போட்டிருந்தார், நாளைப் போடவில்லை.

"எந்த நாள் சார்?"

"இருபத்திமூணு, வியாழன்மா," என்றார் மெதுவாக.

சேர்த்து, பட்டனை அழுத்தினேன். மதியம் ஒரு போன். "வெப்சைட்ல பார்த்தேங்க. இருபத்திமூணாம் தேதி அம்மாவைக் கூட்டிட்டு வரலாமா?"

நிச்சயமா வாங்க என்றேன்.