டப்பா மீனும் உன் அப்பாவும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் வலது மணிக்கட்டைத் தவிர மற்ற எல்லாம் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாகச் சொல்கிறாய், நம்பித் தொலைக்கிறேன். மாவுக்கட்டு போட்டிருப்பதால் இடது கையால் எழுதுகிறேன், கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே, உன் பத்தாம் வகுப்பு நோட்டுக்கு இது தேவலை.

விஷயம் உன் டூனா சாலட். ஆஸ்பத்திரி கேன்டீனில் ஈரத்தரையில் நான் வழுக்கி விழுந்ததை உன்னிடம் சொல்லவேண்டாம் என்று உன் அப்பாவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் வாயில் எதுதான் நின்றிருக்கிறது? அன்று சாயங்காலமே போன் போட்டு உன்னிடம் ஒப்பித்துவிட்டார். நீயும் பெரிய நளபாக மேதை மாதிரி, பத்து நிமிஷம் போதும்பா, அடுப்பே வேண்டாம், உடம்புக்கும் நல்லதுன்னு பாடம் நடத்தியிருக்கிறாய். இருபத்தாறு வருஷமாகக் கேன்டீனில் தினம் முந்நூறு பேருக்கு வடித்துக்கொட்டுகிறவள் வீட்டில், டப்பா திறப்பதற்குப் பெயர் சமையலாம்! டூனா என்று பெயர் வைத்துவிட்டால் சூரை மீனுக்குக் கொம்பா முளைத்துவிடும்?

மறுநாள் உன் அப்பா தபால் ஆபீசில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, நீ வாயத் திறக்கக்கூடாதுன்னு உத்தரவு வேறு. உன் பத்து நிமிஷ சாலடுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. வெங்காயத்தின் மேல் முத்திரை குத்துகிற மாதிரி கத்தியை ஓங்கி ஓங்கி வைத்தார். டப்பாவில் இருந்த எண்ணெயை வடிக்கவில்லை, எலுமிச்சையை விதையோடு பிழிந்தார். மிளகுத்தூள் எதுவென்று தெரியாமல் அலமாரியிலிருந்த எட்டு டப்பாவையும் மோந்து பார்த்துத் தும்மினார். எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் இந்த வீட்டில் சாப்பிட்டவருக்கு மிளகு எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாதா என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு விதையைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே சொன்னார், எப்படித் தெரியும்? கல்யாணமான புதுசுல ஒருநாள் வெங்காயம் நறுக்க வந்தேன், கத்தியப் பிடுங்கிட்டு, போய்ப் பேப்பர் படிங்கன்னியே, அன்னையிலேருந்து படிச்சிட்டுத்தானே இருக்கேன்.

கேன்டீனில் யார் எது சொன்னாலும் திருப்பிக் கொடுக்கிற என் வாயை, அவர் நீட்டிய ஸ்பூனுக்குத் திறந்தேன். அவர் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டேன். உப்பு கம்மி. சொல்லவில்லை. சொல்லாமல் நான் விழுங்கிய முதல் குறை அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படி அவருக்கு என்று சொல்லிவிட்டேன். நேற்று முட்டை வேகவைக்கிறேன் பேர்வழி என்று பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற மறந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீயும் அந்தத் தழையையும் மீனையும் தின்பதானால் எண்ணெயை வடித்துவிட்டுத் தின்னு, மிச்சத்தை டப்பாவோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல் கிண்ணத்துக்கு மாற்று. நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக நீடூழி வாழ வேண்டும் என் ராசா. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்து கத்தியைப் பிடுங்கினால், அப்பாவைப் போல எழுந்து போய்விடாதே, பக்கத்திலேயே நில்.

உன் அம்மா