முருங்கையிலை போட்ட நெய்

அக்கா,

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளம் சோடி காலையிலிருந்து வெண்ணெய் காய்ச்சுகிறார்கள். மணம் மேலே வந்து என் திரைச்சீலையில் ஏறிவிட்டது. வெண்ணெயோடு கஞ்சா இலை வேகும் மணம். ஒரு காலத்தில் இந்த மணம் வெளியே போகாதிருக்க நான் யன்னல் இடுக்கெல்லாம் துவாய் செருகினேன். இவர்கள் கதவைத் திறந்துவைத்து, பாட்டும் போட்டுக்கொண்டு செய்கிறார்கள். இப்போது மொன்றியலில் கஞ்சாவை அரசாங்கக் கடையே விற்கிறது, பயம் என்ன? மணம் தொந்தரவாக இருக்கிறதா என்று அந்தப் பெண் படியில் வைத்துப் பிரெஞ்சில் கேட்டாள். நெருப்பு கூடிப்போச்சு, குறை என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன். வந்ததிலிருந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிவந்த ஒவ்வொரு தடவையும் நீங்கள் இன்னும் கொஞ்சம் சிறுத்துப்போனீர்கள். கஞ்சி நிற்கவில்லை, பால் நிற்கவில்லை. உங்கள் வில்லரே வீட்டு அடுப்பில் நான் வெங்காயம் வதக்கினால், அறைக்குள் இருந்து, "மணமே ஆகாதடி, அடுப்பை நூத்து விடு" என்பீர்கள். ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்ட மனுசி நீங்கள். அத்தானுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. நானும் அங்கேதான், விமானச் சாப்பாடு கட்டும் குசினியில் மாலை வேலை. அதனால் பகலில் உங்களோடு இருந்தேன்.

அப்போது நான் செயின்ட்-மிஷேலில் ஜினெத் என்ற வெள்ளைக்காரியின் மேல்மாடியில் குடியிருந்தேன். அவளுடைய தம்பி, அந்த நாளில் யாரும் பெயர் சொல்லாத நோயில், அவள் வீட்டிலேயே கிடந்து இறந்தவன். அவன் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கஞ்சா போட்டு வெண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். சாப்பிட்டானாம். உங்கள் நிலையைச் சொன்னபோது, உனக்கும் இலை எடுத்துத் தருகிறேன் என்றாள்.

நான் வந்து சொன்னேன். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தீர்கள். "சிவசிவா. கோயிலுக்கு மோதகம் பிடிக்கிற கையடி இது. ஆரும் அறிஞ்சால் பேந்து என்ர கையாலை பச்சைத் தண்ணி வாங்கிக் குடிக்குங்களோ?"

நான் விட்டுவிட்டேன். சில நாள் கழித்து, ஆஸ்பத்திரியால் டாக்ஸியில் திரும்பி வரும்போது, என் தோளில் சாய்ந்திருந்த நீங்களே வாய் திறந்தீர்கள்.

"உந்த வெள்ளைக்காரி சொன்னதைச் செய். செய்யிறதை எனக்குச் சொல்லாதை."

அவ்வளவுதான்.

யாரிடமும் கேட்டுப் படிக்கிற வழக்கம் எனக்கு எப்போதும் இல்லை. பிரெஞ்சை ரேடியோவில் படித்தேன். தையல் மெசினை உடைத்துத் திருத்திப் படித்தேன். ஆகவே ஜினெத் சொல்லவந்ததை முழுக்கக் கேட்காமல், நாங்கள் நெய் உருக்குகிறபடியே உருக்கினேன். சடசடப்பு அடங்கி, கசடு பொன்னிறமாகி, அடிச்சட்டி வாசனை வரும்வரை. பார்க்க நல்ல நெய்தான். நீங்கள் சாப்பிட்டீர்கள். வழமைபோல வாந்தியும் எடுத்தீர்கள். ஜினெத் மிச்சத்தை மணந்து பார்த்துவிட்டு, படியில் குந்தியிருந்து சிரித்தாள். இலையில் இருந்த குணம் முழுவதையும் நான் பொரித்துக் கொன்றுவிட்டேனாம். அடுத்த தடவை என் குசினிக்குள் வந்து பக்கத்திலேயே நின்றாள். வெண்ணெய் கொதிக்கக்கூடாது, சும்மா சூடாகக் கிடக்க வேண்டும் என்று என் கையைத் தட்டித்தட்டி நெருப்பைக் குறைத்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் உங்களுக்காகப் பொறுத்துக்கொண்டு நின்றேன். பழைய வேட்டித் துண்டில் வடித்தபோது பாசி பிடித்த குளம்போலப் பச்சையாக இறங்கியது.

அன்று அவித்த புட்டில் அதைக் கொஞ்சம் விட்டு, சீனி தூவித் தந்தேன். என்ன இது என்று நீங்கள் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினீர்கள். நான் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாந்திக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெகுநேரம் கழித்து என் காலைப் பார்த்தீர்கள்.

"என்னடி, ஒரு கால் சொக்ஸ் நீலம், மற்றது கறுப்பு? உப்பிடியே வேலைக்குப் போறனீ?"

"சப்பாத்துக்குள்ளைதானே அக்கா."

"சப்பாத்தைக் கழட்டச் சொன்னால் என்னடி செய்வாய்?"

அதற்கு ஏன் அவ்வளவு சிரித்தோம் என்று இன்றும் தெரியாது. நான் ஒன்றும் சாப்பிடாமலே சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும், "புட்டு இன்னும் கிடக்கோ?" என்று கேட்டீர்கள். இரண்டாம் தரமும் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டு சொன்னீர்கள்: "பசி எண்டது எவ்வளவு நல்ல சாமான். மறந்தே போனன்."

பிறகு வந்த கிழமைகளில் உங்கள் கன்னம் கொஞ்சம் தேறியது. நெய் ஏன் பச்சை என்று அத்தான் கேட்டபோது, நான் பதில் தேடுவதற்குள் நீங்கள் படுக்கையிலிருந்தே சொன்னீர்கள்: "தங்கச்சி முருங்கையிலை போட்டு உருக்கித் தந்தவள்." நெய் இறக்கும்போது முருங்கையிலை போடுவது நம் வழக்கம். பனிக்காலத்தில் மொன்றியலில் முருங்கையிலையா என்று அவர் கேட்டார். "டொரொண்டோவிலை இருந்து வந்ததாம்" என்றீர்கள். அவர் நம்பினார்.

நம்பியதால்தான் மாஸ்டருக்கும் அந்த நெய்யை விட்டார். கோயிலில் அன்னதானத்துக்குப் பொறுப்பாக இருந்த மாஸ்டர் உங்களைப் பார்க்க வந்த நேரம் நான் வேலையில். நீங்கள் நித்திரை. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று, அத்தான் கிடந்த புட்டை எடுத்து நெய்யை விட்டிருக்கிறார். நெய்ப் பிரியர் மாஸ்டர், "இன்னும் விடும், இன்னும் விடும்" என்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் சோபாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் கால் இரண்டும் யாழ்ப்பாணத்தில் நிற்கின்றன, யாராவது போய்க் கூட்டிவாருங்கள் என்று அழத் தொடங்கிவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அங்கே பரிசோதித்து, கஞ்சா சாப்பிட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் மாஸ்டர் எழும்பிச் சுகமாகத்தான் வீட்டுக்குப் போனார். ஆனால் கதை அவருக்கு முன்னமே கோயிலுக்குப் போய்விட்டது.

அத்தான் என்னைக் கூப்பிட்டு உங்கள் கட்டிலடியில் நிற்கவைத்துக் கேட்டார்.

"நீரோ செய்தனீர்?"

"ஓம்."

"இவவுக்குத் தெரியுமோ?"

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஒரு சொல், அக்கா. தலையை ஆட்டியிருந்தாலும் போதும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"தெரியாது" என்றேன்.

"இனி இந்தப் படி ஏறக்கூடாது" என்றார்.

நான் ஏறவில்லை. அவர் வேலைக்குப் போன ஒரு பகலில் நீங்கள் ரெலிபோன் எடுத்தீர்கள். மன்னிப்புக் கேட்பீர்கள் என்று இருந்தேன். "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டீர்கள். கத்தரிக்காய்க் குழம்பு என்றேன். எப்படி வைத்தாய் என்றீர்கள். வெட்டியதிலிருந்து இறக்கியது வரை சொன்னேன். முழுவதையும் மூச்சுக் காட்டாமல் கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதுதான் உங்கள் குரலைக் கடைசியாகக் கேட்டது.

பனி கரையுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். உங்களைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றேன். கஞ்சா குடுத்துக் கொன்றவள் என்று யாரோ ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவளேதான் போன வருடம் பஸ் தரிப்பில் என்னைப் பிடித்து, "முழங்கால் நோவுக்கு உந்தக் கஞ்சா எண்ணெய் நல்லதாமே, எப்பிடிப் பாவிக்கிறது?" என்று கேட்டாள். கடையில் கேள் என்றேன். சட்டம் மாறியதும் எல்லோருக்கும் ஞானம் வந்துவிட்டது. எனக்கு மட்டும் யாரும் வந்து, நீ செய்தது சரிதான் என்று சொல்லவில்லை.

போன கிழமை அத்தான் ரெலிபோன் எடுத்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு. குரல் தேய்ந்துபோயிருந்தது.

"உம்மை ஒண்டு கேக்கவேணும். அவவுக்குத் தெரியுமோ?"

எத்தனை வருடமாகப் பாடமாக்கி வைத்திருந்த பதில்! நாக்கு நுனிவரை வந்தது. உங்கள் மூடிய கண்தான் எனக்குத் தெரிந்தது.

"தெரியாது எண்டு அண்டைக்கே சொன்னனே, அத்தான்."

பிறகு, "தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். தெரிஞ்சு விரும்பிச் சாப்பிட்டிருந்தால் எனக்கு ஓர் ஆறுதல். அதையும் நான்தானே நிப்பாட்டினனான்" என்றார்.

எனக்கு அந்த மனிதனில் இரக்கம் வருமென்று நான் நினைத்ததே இல்லை.

"புட்டை விரும்பித்தான் சாப்பிட்டவ" என்றேன். "இன்னும் கிடக்கோ எண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ."

"கேட்டவவோ?"

"ஓம்."

"கேட்டவவோ?" என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஓம் என்றேன். அவர் அழுவது கேட்டது. முடியும்வரை ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் கேட்டுத்தான் செய்தேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்கா. இனியும் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள்மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அன்று நீங்கள் கண்ணைத் திறந்திருக்கலாம். நான் மன்னிக்கப்போவதில்லை. மன்னித்துவிட்டால், காலையில் தேத்தண்ணியோடு இருந்து உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது?