காலண்டர் தாளில் திரும்பிய பிளவு

அன்புள்ள நண்பா,

இன்று காலை ஆய்வகத்தில் அச்சுப் பெட்டியைக் கழற்றினார்கள். ஈர சிமெண்ட் வாசனை வராந்தா வரை வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. என் கால்களுக்கு அது தெரியவில்லை. உன்னைத் தேடி நாலு அடி நடந்துவிட்டேன்.

நீ இந்த ஊர்க்காரன், பக்கத்து லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்தவன். நான் திருச்சியிலிருந்து முனைவர் பட்டத்தோடு வந்து இறங்கியவன். சிமெண்டில் பாறை மாதிரிக் கட்டிகளை வார்ப்பது உன் வேலை. அவை எப்படி உடையும் என்று கணக்குப் போடுவது என் வேலை.

இனி வருவது உனக்குத் தெரிந்ததுதான். உன் மகளுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள் என்பதால் எழுதுகிறேன். இறுகிய பாறைக்குள் அடைபட்ட எரிவாயுவை எடுக்க, தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். பாறையிலோ ஏற்கெனவே பழைய விரிசல்கள் இருக்கும். புதிய பிளவு அவற்றைத் தாண்டுமா, அங்கேயே நிற்குமா, விரிசல் வழியே திரும்புமா? நம் திட்டம் மொத்தமும் இந்த ஒரு கேள்விதான். பழைய விரிசலுக்குப் பதிலாக, கட்டிக்குள் ஒரு தாளை வைத்து வார்ப்பாய்.

திட்டத்தைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்யக் குழு வந்த நாள் நினைவிருக்கிறதா?

"கட்டாயம் தாண்டும்டா. கோணம், அழுத்தம் எல்லாம் சரியா இருக்கு" என்றேன் காலையில்.

"நக்கோ" என்று உன் ஊர் வழக்கில் மறுத்தாய். "திரும்பிடும். சொரசொரப்புத் தாள் தீந்துபோச்சு. வீட்டு காலண்டரைக் கிழிச்சு வெச்சேன். வழவழன்னு இருக்கு."

"அதெல்லாம் கணக்குல பெரிசா வராது."

"கணக்குல வராட்டி என்ன, கைக்குத் தெரியுதே? வழுக்கினா சறுக்கத்தானே செய்யும்?"

நான் கேட்கவில்லை. குழுவின் முன்னால், பிளவு நேராகத் தாண்டும் என்று உரக்க அறிவித்தேன். பம்ப்பைப் போட்டாய். சாயம் கலந்த ரோஜா நிறத் தண்ணீர் தாளைத் தொட்டதும் சமர்த்தாகத் திரும்பி, அதன் வழியே ஓடி, பக்கவாட்டில் பீய்ச்சியடித்துக் குழுத் தலைவரின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கட்டியைப் பிரிக்கச் சொன்னார்.

உள்ளே ஜூன் மாதம் முழுசாக, ரோஜா நிறத்தில் இருந்தது. பதினேழாம் தேதியைச் சுற்றி வட்டம். பக்கத்தில் உன் மனைவியின் தமிழ்க் கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று தலைவர் இந்தியில் கேட்டார். 'கேஸ் புக் பண்ண வேண்டும்' என்று நீ மொழிபெயர்த்தாய். அப்படியானால் இந்தக் கட்டியில் கேஸ் இருப்பது உறுதி என்றார் அவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "அதான் போன மாசம் மூணு நாள் வீட்ல சமையலே இல்ல" என்று என் காதில் முணுமுணுத்தாய்.

பிறகு கணிப்பு ஏன் தவறியது என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள், "தப்பு என்னுது சார், தாளை மாத்திட்டேன்" என்று நீ சொல்லிவிட்டாய். என் வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, அது நீளுவது குழுவின் கையில் என்று உனக்குத் தெரியும். பேசாமலிருப்பது எனக்கு வசதியாக இருந்தது. பேசாமல் இருந்தும் பார்த்தேன். ஒரு முழு நிமிடம் இருந்திருப்பேன்.

அப்புறம்தான் சொன்னேன்: "இவன் காலையிலேயே சொன்னான் சார். நான்தான் காதில் வாங்கவில்லை."

தலைவர் தன் சட்டையை ஒரு தடவை பார்த்தார். திட்டம் தொடரட்டும், ஆனால் இனி ஒவ்வொரு விரிசலின் வழுக்கலையும் அளந்த பிறகே கணக்கு என்றார். ஆய்வுக் கட்டுரையில் உன் பெயரும் வர வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும், "வாயைத் திறக்க இவ்ளோ நேரமா? என்னையே மாட்டி விட்டுடுவியோன்னு பாத்தேன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வர ஒரு வாரம் ஆனது.

இப்போதெல்லாம் கணக்குப் போடும் முன் கீழே இறங்கிப் போய், வார்த்தவர்களிடம் உள்ளே என்ன வைத்தீர்கள் என்று கேட்கிறேன். சொல்வதை எழுதிக்கொள்கிறேன். பெரும்பாலும் என் விடை மாறிவிடுகிறது. மாறாத நாட்களில்தான், சரியாகக் கேட்டேனா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை இறங்கிப் போகிறேன்.