டப்பாவின் நடுவே எத்தனை டிகிரி

1979 ஜூன் 4, திங்கள்

மாம்பழக்கூழ் சீசன் தொடங்கிவிட்டது. ரேணிகுண்டாவுக்கு வெளியே இந்தத் தொழிற்சாலையில் எனக்கு மூன்றாவது வருஷம். அதே புளித்த வாடை, அதே ஈ. புதிதாக வந்திருப்பது மேனேஜர் மட்டும். சிட்டிபாபு, முதலாளியின் மருமகன். மாமனார் சீரோடு சேர்த்துக் கொடுத்த நாற்காலி. முதல் நாளே லேபுக்குள் நுழைந்து என் தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்து, "ஏமண்டி லோயிஸ்காரு, இவ்ளோ பெரிய ஃபேக்டரிக்கு இந்தக் கண்ணாடிக் குச்சி எதுக்கு?" என்றார்.

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தது இதற்குப் பதில் சொல்லத்தான் போலிருக்கிறது.

ஜூன் 7

மேதாவி இன்று ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். கூழைக் காய்ச்சி, டப்பாவில் நிரப்பி, மூடி அடைத்து, கொதிக்கும் தண்ணீர்த் தொட்டியில் அரைமணி போடுகிறோம் அல்லவா? அரைமணி வேண்டாமாம், கால்மணி போதுமாம்.

"தண்ணி கொதிக்குது கதா? டபுளா நெருப்பு போடு. பாதி நேரத்துல ஆயிடும்."

திறந்த தொட்டி ஐயா, எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் நூறைத் தாண்டாது, மிச்சச் சூடு ஆவியாய்ப் போய்விடும் என்றேன். நம்பவில்லை. இரண்டு மூட்டை வேர்க்கடலைத் தோலை அதிகமாகக் கொட்டி எரிக்கச் சொன்னார். கட்டடம் முழுக்க ஆவி. தெர்மாமீட்டரில் நூறு.

"குச்சி கெட்டுப்போச்சு."

இன்னொன்றை விட்டேன். நூறு.

"ரெண்டும் ஒரே கடையில வாங்கினதா?"

இந்த மனுஷனுக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் மார்க் போட்ட மகானைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 8

முதலாளி வந்திருந்தார். நல்ல சந்தர்ப்பம். ஆறிப்போன கூழை ஒரு பெரிய டப்பாவில் நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டு, தெர்மாமீட்டரை நடுவரை இறக்கி, கொதிக்கும் தொட்டியில் வைத்தேன். அரைமணி ஆயிற்று. வெளியே நூறு. நடுவே நாற்பத்திரண்டு!

"கூழ் கெட்டி. தகரத்திலிருந்து சூடு நடுவுக்கு ஊர்ந்துதான் போகும். அதனால்தான் எண்பத்தைந்துக்குக் குறையாமல் சுடச்சுட நிரப்புகிறோம். தண்ணீரின் சூட்டைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. டப்பாவின் நடுவே எத்தனை டிகிரி? அதுதான் கேள்வி" என்றேன்.

முதலாளி தலையாட்டினார். மருமகன் காது சிவந்தது. இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 11

நேற்று ஞாயிறு. ஆராதனைக்குச் சித்தூர் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து மருமகன் முழு நாளும் கால்மணிக் கணக்கில் ஓட்டியிருக்கிறார்! ரிஜிஸ்தரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் சுழித்து வைத்தேன். கூழ் கெட்டு டப்பா வீங்கட்டும். வீங்கிய டப்பாவை அவர் மேஜை மேலேயே வைப்பேன்.

ஜூன் 13

கரண்ட் போய் முக்கால்மணி கழித்து வந்தது. அதற்குள் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. காய்ச்சும் அண்டாவில் தெர்மாமீட்டரை விட்டேன். எண்பத்தெட்டு. "ஓட்டுங்கள்" என்றேன்.

நிரப்பும் இடத்தில் செங்கம்மா. புத்தூரிலிருந்து பாசஞ்சரில் வருகிறவள். டப்பாவை நிரப்பும் தொட்டியின் குழாய்க்கு அடியில் வைத்து எடுப்பாள், அவ்வளவுதான் வேலை. என்னைக் கூப்பிட்டாள்.

"லேபம்மா, டப்பா வெதுவெதுன்னுதான் கீது. காலைல கையில புடிக்க முடியல. இப்போ இடுப்புல வெச்சிக்கினு ஊருக்கே போவலாம்."

"கையென்ன தெர்மாமீட்டரா? வேலையைப் பார்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். மேலே ஒரு மருமகன், கீழே ஒரு செங்கம்மா. நடுவில் நான் ஒருத்தி படித்துத் தொலைத்திருக்கிறேன்.

ஜூன் 14

தலைவலி.

ஜூன் 30

வீங்கிவிட்டது! கோடவுனில் முந்நூறு டப்பாவுக்கு மேல். இரண்டு வெடித்துச் சுவரெல்லாம் கூழ். சொன்னேனா இல்லையா? சிட்டிபாபு வெளிறிப்போய் நிற்கிறார். கர்த்தர் மன்னிக்கட்டும், எனக்கு சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 2

பழி போட ஆள் பிடித்துவிட்டார். செங்கம்மா டப்பாக்களைக் கீழே போட்டு நசுக்கினாளாம், அதனால் காற்று புகுந்துவிட்டதாம். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆதாரத்தோடு முதலாளி முன்னால் அவரை நாறடிக்க வேண்டும் என்று இருந்தேன். நாளைக்கு வீங்கிய டப்பாக்களின் மூடியில் அடித்திருக்கும் தேதியைப் பார்த்துவிடலாம். ஒருநாளில் அவள் ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டாள்.

ஜூலை 3

பதின்மூன்று. பதின்மூன்று. பதின்மூன்று.

வீங்கிய எல்லா மூடியிலும் ஜூன் பதின்மூன்று. பத்தாம் தேதி டப்பா ஒன்றுகூட வீங்கவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு. அன்னிக்குச் சுடச்சுட நிரப்பியிருக்காங்க, கால்மணியே போதுமாயிருந்திருக்கு.

கரண்ட் போன நாள் அது. கரண்ட் இல்லாவிட்டாலும் அண்டாவுக்கு அடியில் ஆவி இருந்தது, அதனால் எண்பத்தெட்டு. ஆனா நிரப்புற தொட்டிக்கு ஏது ஆவி? அதில் கூழ் முக்கால்மணி சும்மா கிடந்து ஆறியிருக்கிறது. நான் அண்டாவைப் பார்த்தேன். டப்பாவைப் பார்க்கலியே. டப்பாவின் நடுவே எத்தனை டிகிரி — யார் சொன்னது? நான்தானே முதலாளி முன்னால நின்னு கத்தினேன்?

அவ சொன்னாளே. தொட்டுப் பார்த்துச் சொன்னாளே. படிச்ச முண்டம்.

ஜூலை 4

ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'தவறு என்னுடையது. சூட்டை அளந்த இடம் தப்பு.' சிட்டிபாபுவிடம் காட்டினேன். அடிப்பார், துரத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"போனிவ்வண்டி, விட்டுத் தள்ளுங்க. நீங்க படிச்சவங்க, உங்களை விட முடியுமா? கூலிக்காரி ஒருத்தி போனா பத்து பேர் வருவா."

செவிட்டில் அறைந்தாற்போல் இருந்தது. ஒரு மாதமாக இந்த நோட்டில் நான் எழுதிவருவதும் இதே பேச்சுதானே. அவளைத் திரும்ப எடுத்தால்தான் நாளை வருவேன் என்றேன். தோளைக் குலுக்கினார். "கூட்டிக்கினு வாங்க. நான் வேணாம்னா சொன்னேன்?"

ஜூலை 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. பாசஞ்சரில் புத்தூர் போனேன். ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் நடை. செங்கம்மா வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது, எழுதிக் கொடுத்துவிட்டேன், வேலைக்கு வா என்றேன். உடைப்பதை நிறுத்தவில்லை.

"நான் எதுக்கும்மா? கையென்ன தெர்மாமீட்டரா?"

பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டு வந்தாள். "வெயில் ஜாஸ்தி. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலை 11

அவள் வரவில்லை. அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண், வாயே திறப்பதில்லை. இன்றும் கரண்ட் போய் வந்தது. வரிசையை நிறுத்தி, நிரப்பிய டப்பாவிலேயே தெர்மாமீட்டரை விட்டேன். எழுபத்தொன்று. நிரப்பும் தொட்டியிலிருந்த கூழ் முழுவதையும் திரும்ப அண்டாவில் கொட்டச் சொன்னேன். சிட்டிபாபு கத்தினார். கத்தட்டும்.

மறுபடி நிரப்பியபோது எண்பத்தேழு. யாரும் பார்க்காத சமயம் இரண்டு டப்பாக்களையும் தொட்டுப் பார்த்தேன், அந்த எழுபத்தொன்றை, இந்த எண்பத்தேழை. இரண்டும் சுட்டது. எது அதிகம் என்று என் கைக்குத் தெரியவில்லை.