மலையை மறைத்த கண்ணாடி

பிப். 17, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணிக்கு ஊரெல்லாம் விலகிவிட்டது, எங்கள் ஜன்னலில் மட்டும் இல்லை. உள்ளே துடைத்தாயிற்று. வெளியே ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தாயிற்று. மங்கல் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில். கை போகாத இடம். பொங்கலிலிருந்து இதே கதை. பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஜன்னல் கம்பெனிக்கு மறுபடியும் போன். அதே பெண். "டபுள் கிளாஸ்ல இது சகஜம்தான் மேடம், துணி போட்டுத் தொடைங்க." எந்தக் கையால் என்று கேட்டேன். வைத்துவிட்டாள். ஃப்ராடுகள்.

இவர் கட்டிலிலிருந்து, "மலை தெரியுதா?" இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். டாக்டர் நடக்கச் சொல்லியாயிற்று, பிசியோ பெண் கெஞ்சியாயிற்று. தினமும் விடியற்காலையில் மலை சுற்றிய மனுஷன். மலை தெரிந்தாலாவது எழுந்திருப்பார் என்று பார்த்தால், இந்தக் கண்ணாடி. வாக்கர் மூலையில் நிற்கிறது. அதில் துண்டு காயப்போடுகிறேன்.

வாங்க: உளுந்து, கால்சியம் மாத்திரை, சிவப்பு ரீஃபில் 5 (பத்தாம் வகுப்பு கணக்குத் தாள் திருத்த).

பிப். 19, வியாழன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. வாசலில் மைக் செட்டோடு ஒரு கோஷ்டி. கிரிவலப் பாதையில் வீடு கட்டியது இவர் ஆசை. டபுள் கிளாஸ் போட்டது நான். ஒற்றைத் தலைவலிக்காரி வேறு என்ன செய்வாள்? அன்று இவர் கேட்டது: "மலைகிட்ட வீட்டையும் கட்டிட்டு காதையும் மூடிக்கணுமா?" ஐந்து வருஷம் ஆகிறது. இன்னும் எரிகிறது.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து ஆள் அனுப்புகிறார்களாம். வரட்டும். வைத்திருக்கிறேன்.

பிப். 21, சனி

வந்தவர் ரஹீம் பாய். கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கீழ் ரப்பரில் விரலை ஓட்டினார். விரல் கறுப்பு. முகர்ந்து பார்த்தார்.

"தீபத்துக்கு இங்க வெளக்கு வெச்சீங்களாம்மா?"

"வெச்சா என்ன?"

"சூட்டுல சீல் வுட்டுப்போச்சு. அது வழியா ஈரம் உள்ள பூந்துடுச்சு. கார்த்திகை முடிஞ்சா எனக்கு இந்த வேலைதான் ஜாஸ்தி. வாரண்டில வராதுமா."

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து, "நான்தான் பாய் வெக்கச் சொன்னேன்."

பொய். வெளியில் காற்றில் அணைகிறது என்று உள்பக்கம் கண்ணாடியை ஒட்டி இருபத்தேழு அகல் வைத்தது நான். "தள்ளி வை மாலா, சூடாவும்" என்றவர் இவர். "உங்க வேலையப் பாருங்க" என்றதும் நான்தான்.

அந்தப் போன் பெண்ணை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன். அதைவிட, பழியை இவர் எடுத்துக்கொண்டாரே, யார் கேட்டது? ரசத்தில் உப்பு போட மறந்தேன். அதையும் வாய் திறக்காமல் சாப்பிட்டார். அதற்கும் சேர்த்துக் கோபம்.

பிப். 24, செவ்வாய்

பாய் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். புதுசு சென்னையிலிருந்து வர ஒரு வாரம். இப்போது வெறும் கம்பிதான். தார்ப்பாய் கட்டச் சொன்னேன். "கட்டாதீங்க பாய்" என்றார் இவர். பாய் யார் பேச்சைக் கேட்பார்!

தூசி. ஹாரன். குரங்கு கம்பிக்குள் கையை விட்டு கால்சியம் அட்டையை எடுத்துக்கொண்டு போனது. தலைவலி மாத்திரை இரண்டு.

மலை பளிச்சென்று தெரிகிறது. படுத்தபடியே பார்க்கிறார். வாக்கரைக் காட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறார். இதற்கா நான் இத்தனை பேரிடம் சண்டை போட்டேன்?

மார்ச் 2, திங்கள். பௌர்ணமி

புழுக்கம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டத்தில் இடிபட்டு நடந்தே வந்தேன். வீட்டுக்குள்ளும் அதே சத்தம், அரோகரா, சங்கு, பொரி விற்பவன். போர்வையாவது கட்டி மறைக்கலாம் என்று அறைக்குள் போனால், கட்டில் காலி.



துண்டு தரையில். இவர் ஜன்னலோரம், வாக்கரைப் பிடித்துக்கொண்டு. கால் இரண்டும் நடுங்குகின்றன. கம்பிக்கு வெளியே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி.

"வாயு லிங்கம் தாண்டிட்டமா ஐயா?"

"இல்லமா, இனிமேதான். இப்புடியே நேரா போங்க. கொழந்தைக்குத் தண்ணி வேணுமா?"

எப்படி எழுந்தீர்கள், விழுந்திருந்தால் என்ன ஆவது என்று கத்தினேன். திரும்பாமலே சொல்கிறார்: "வழி கேட்டாங்க. படுத்துக்கிட்டே சொன்னேன், காதுல வுழலன்னாங்க."

டாக்டர் சொல்லி, பிசியோ சொல்லி, நான் காலில் விழாத குறையாகச் சொல்லி எழாத மனுஷன்.

ஆறு மணிக்கு பாய் போன். "கண்ணாடி வந்துடுச்சுமா. நாளைக்கு மாட்டிடட்டா?" இவர் அடுத்த ஆளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "வேணாம் பாய், நானே சொல்றேன்" என்றேன். கேட்கவில்லை என்றார் பாய். இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

தலை வெடிக்கிறது. இன்றைக்கு மூன்றாவது மாத்திரை. துண்டை ஊறப்போட்டேன். காயப்போட வேறு இடம் பார்க்க வேண்டும்.